வலி மாத்திரையும் உழவர் உடலும்

(உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிருக்கு மருந்து தெளிப்பதற்கு முன் என்ன பூச்சி, எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். நம் உடம்பு என்று வரும்போது இப்படிக் கேட்பதில்லை. நடவு முடிந்த மாலையில் இடுப்பு வலித்தால், "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்று கடையில் வாங்கி விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் மீண்டும் வயலில் இறங்குகிறோம். அது என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிடலாம், யார் சாப்பிடக்கூடாது என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே இன்று வலி மாத்திரைகளைப் பற்றியும், அவை இல்லாமலே வலியைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், பைராக்சிகாம், நிமெசுலைடு ஆகியவை இக்குடும்பத்து மாத்திரைகள். பாராசிட்டமால் இதில் சேராது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நம் உடலில் அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மேற்சொன்ன மாத்திரைகள் அப்பொருள் சுரப்பதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தாலும், அது இவ்வாறுதான் வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிவியலார் 1971-இல்தான் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1982-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆனால் இதே வேதிப்பொருள் உடலுக்கு நன்மையும் செய்கிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் காப்பது இதுவே. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதுவே. மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சுரப்பைத் தடுத்துவிடுகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் நிலைமை இதுதான். "வயிற்றுக்குக் கெடுதி என்று ஊசி போட்டுக்கொண்டேன்" என்பார்கள். ஊசி மருந்தும் இரத்தத்தின் வழியே இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அடையத்தான் செய்யும்.

மூன்று கெடுதல்கள்

முதலாவது, இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும். வெறும் வயிற்றில் சாப்பிடுவோர், மது அருந்துவோர், 60 வயதைக் கடந்தோர், முன்பே குடற்புண் உள்ளோர் ஆகியோருக்கு இந்த அபாயம் அதிகம். மலம் தார் போலக் கறுத்துப் போனாலும், வாந்தியில் இரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற பொருள் கண்டாலும், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இரண்டாவது, இரத்த அழுத்தமும் இதய நோயும். இம்மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் பலனையும் குறைக்கின்றன. ரோஃபெகாக்ஸிப் என்ற வலி மாத்திரை மாரடைப்பை அதிகரிப்பது தெரியவந்ததால் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபெனாக்கையும் இதய நோயாளிகள் தவிர்க்கவேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

மூன்றாவது, சிறுநீரகப் பழுது. உழவர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெயிலும் மாத்திரையும் சேரும்போது

ஏரி நிரம்பியிருக்கும்போது மடையைக் கொஞ்சம் திறந்தாலும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். ஏரியில் நீர் குறைந்த காலத்தில் மடையை அகலத் திறந்தால்தான் கடைமடை நனையும். நம் உடலும் அப்படியே. பங்குனி, சித்திரை வெயிலில் வேலை செய்து வியர்வை கொட்டி உடல் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாயை விரித்துக் கொடுத்து அதைக் காப்பாற்றுவது புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில் வலி மாத்திரை சாப்பிடுவது, நீர் குறைந்த ஏரியின் மடையையும் அடைத்துவிடுவதற்கு ஒப்பாகும்.

ஒரு நாள், இரு நாள் என்றால் நல்ல உடல்நிலை உள்ளவருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மீளாத பழுது ஏற்படலாம். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும்வரை பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கால் வீங்கி, பசி அற்று, மூச்சு வாங்கும் நிலையில்தான் மருத்துவரிடம் போகிறோம். பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்யவேண்டி வருகிறது. சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், அந்த நாள்களில் வயலுக்குப் போக முடியாது. குடும்பத்தின் உழைப்பே நின்றுபோகும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களுக்குக்கூடச் சிறுநீரகம் செயலிழப்பது பல ஆண்டுகளாகக் காணப்படுகிறது. காரணம் ஒன்றே என்று யாரும் சொல்லவில்லை. குடிநீர், பூச்சிமருந்து, வெப்பம் எனப் பலவும் ஆராயப்படுகின்றன. கடும் வெயிலில் போதிய நீரின்றி உழைப்பதும், அத்துடன் வலி மாத்திரை சாப்பிடுவதும் அந்தப் பட்டியலில் உள்ளன. இவ்விரண்டும் நாமே மாற்றிக்கொள்ளக் கூடியவை.

இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகளும், சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சாப்பிடுவோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குவோர், வலி மாத்திரை சாப்பிடும் வழக்கம் இருந்தால், மாத்திரை கொண்டுவருபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவர் கொடுத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

கழுகுகள் மறைந்த கதை

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யக்கூடும் என்பதற்குக் கால்நடை வளர்க்கும் நாம் அறியவேண்டிய ஒரு சான்று உண்டு. 1990-களில் இந்தியத் துணைக்கண்டத்தில் பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சில இனங்கள் நூற்றுக்கு 95-க்கும் மேல் அழிந்தன. டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்ட மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற கழுகு சிறுநீரகம் செயலிழந்து சில நாள்களில் சாகிறது என்பது 2004-இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான ஊசிமருந்தைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போட்டுவந்ததால், 2015-இல் அதை 3 மில்லி கொண்ட ஒருவேளைக் குப்பியில் மட்டுமே விற்கவேண்டும் என்று ஆணை வந்தது. கீட்டோபுரோஃபன், அசெக்ளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைகளுக்கு 2023-இல் தடை செய்யப்பட்டன.

மனிதரின் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு எளிதில் செயலிழப்பதில்லை. இருந்தாலும் இந்த மருந்து எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பது இதிலிருந்து விளங்கும். மாயாறு பள்ளத்தாக்கிலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும் எஞ்சியுள்ள கழுகுகள் பிழைக்கவேண்டுமானால், வீட்டில் மீதமிருக்கும் வலி மாத்திரையையோ ஊசியையோ மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது. மாட்டுக்கு வலியோ காய்ச்சலோ என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம், டால்ஃபெனாமிக் அமிலம் ஆகிய மருந்துகள் உள்ளன.

செட் மாத்திரை வேண்டாம்

கடையில் உறையில்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு மாத்திரையும் கலந்திருப்பதுண்டு. அதனால்தான் ஒரே வேளையில் வலி பறந்துபோகிறது, பசி எடுக்கிறது, தெம்பு வந்ததுபோல் இருக்கிறது. இதையே மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்படிப் பழகிப்போனவர்கள் மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். "மூலிகைப் பொடி, மூட்டுவலி பறந்துபோகும்" என்று பெயர், முகவரி இல்லாமல் விற்கும் பொடிகளிலும் இவ்வாறு ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

மாத்திரையால் மறைக்கக்கூடாத வலிகள்

மழைக்காலத்தில் சேற்றுவயலில் வேலை செய்தபின் காய்ச்சலும், கெண்டைக்கால் சதையில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அந்நோயே சிறுநீரகத்தைத் தாக்கும். வலி மாத்திரையும் சேர்ந்தால் கெடுதல் இரட்டிப்பாகும்.

டெங்குக் காய்ச்சலில் உடம்பு முறித்துப்போட்டது போல வலிக்கும். அப்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் சாப்பிட்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம். எந்தக் காய்ச்சலானாலும், என்ன நோய் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே சாப்பிடவேண்டும்.

பூச்சிமருந்து தெளித்த அன்று தலைவலி, குமட்டல், கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுதல் ஆகியவை தோன்றினால் அது நஞ்சின் அறிகுறி. உடனே உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, மருந்துக் குப்பியின் சீட்டோடு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பாம்புக் கடிக்கு இவ்வகை வலி மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது. நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், முதுகுவலியோடு கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

வீட்டிலே செய்யக்கூடியவை

உழைப்பால் வரும் சதைவலி, இடுப்புவலி, தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி ஆகியவற்றுக்கு மாத்திரை இல்லாமலே பெருமளவு நிவாரணம் பெறலாம்.

புதிதாகச் சுளுக்கினாலோ அடிபட்டாலோ முதல் இரண்டு நாள் குளிர்ந்த நீர்த்துணி ஒற்றடம் கொடுத்து, அந்த இடத்தை உயர்த்தி வைத்து ஓய்வு தரவேண்டும். அப்போது சூடு வைக்கவோ உருவிவிடவோ கூடாது. பழைய வலிக்கும் சதைப்பிடிப்புக்கும் வெந்நீர் ஒற்றடம் நல்லது. கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றலாம். நொச்சி இலை, ஆமணக்கு இலை, புளிய இலை ஆகியவற்றை வதக்கிக் கட்டுவது நம் வழக்கத்தில் உள்ளதே. எருக்கிலையைப் பயன்படுத்துவோர் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்கு ஒற்றடம் கொடுப்பவர் தம் கையில் சூட்டைச் சோதித்த பிறகே வைக்கவேண்டும்.

முடக்கத்தான் கீரை, பிரண்டைத் துவையல், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை உணவாகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. இஞ்சியும் மஞ்சளும் முழங்கால் வலியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. அது மெதுவாகக் கிடைக்கும் சிறு பலன் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மிளகாயின் காரப்பொருளிலிருந்து செய்த களிம்பை மருத்துவர்களே மூட்டுவலிக்கு எழுதித் தருகிறார்கள். பல்வலிக்கு கிராம்பு எண்ணெய் சற்று நேரம் ஆறுதல் தரும். சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பல் மருத்துவரிடம்தான்.

முழங்கால் வலிக்கு மருந்தைவிடப் பயிற்சி மேலானது. திண்ணையில் கால் தொங்க உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் தொடைச் சதை வலுப்பெற்று, மூட்டின் சுமை குறையும். இடுப்புவலிக்கு நாள் முழுதும் படுத்துக் கிடப்பது நல்லதல்ல. தாங்கக்கூடிய அளவு நடமாடினால், பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் தானே குறைந்துவிடும்.

இயற்கை என்றாலே தீங்கற்றதா?

அப்படி எண்ணிவிடக்கூடாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தளே அது. அதன் விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்கு மருந்தாகிறது. அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம்தான். அதே பொருள் நிறைந்த கிழங்கைத் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் கழிச்சலும் கண்டு, உயிரே போய்விடும். பயிர் செய்பவர்கள் கிழங்கைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும். விதை பிரித்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

நீலகிரியில் வடிக்கப்படும் விண்டர்கிரீன் தைலம் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மேலே தடவ மட்டுமே அது உரியது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. உணவில் சேரும் மஞ்சள் நல்லது என்பதற்காக, அதன் சத்தைச் செறிவாக அடைத்த குளிகைகளை மாதக்கணக்கில் விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. மூலிகை மருந்து உட்கொள்ள விரும்புவோர் அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்த மருத்துவப் பிரிவில் காட்டி வாங்குவதே முறை.

வேலையை மாற்றுவோம்

வலி எங்கே பிறக்கிறதோ அங்கே மருந்து வைப்பதுதான் சிறந்த வைத்தியம். வரிசை நடவு செய்த வயலில் கோனோவீடர் கொண்டு களையெடுத்தால் நாள் முழுதும் குனியவேண்டியதில்லை. மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும் ஆளின் உயரத்துக்கேற்ற நீளமான காம்பு போடுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. அதை இருவர் சேர்ந்து தூக்குவது அவமானமல்ல. தனியே தூக்கவேண்டியிருந்தால், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும். தெளிப்பானின் தோள்பட்டைக்குத் துணி மெத்தை வையுங்கள். நடவிலும் களையிலும் ஈடுபடும் பெண்கள் அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்கட்டும். கூலி கொடுப்பவர் அதைச் சோம்பல் என்று எண்ணக்கூடாது.

கோடையில் காலை பத்தரை மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்கு மேலும் கடின வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் நீர் குடியுங்கள். இடையிடையே மோரும் நீராகாரமும் குடிக்கலாம். சிறுநீர் மஞ்சளாகக் கறுத்தால் உடல் வற்றிவிட்டது என்று பொருள். வயலில் மறைவிடம் இல்லையென்று தாய்மார்கள் நீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மறைப்புக் கட்டிக் கொடுப்பது நில உடைமையாளரின் கடமை. இதயமோ சிறுநீரகமோ முன்பே பழுதானவர்கள் மட்டும் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மாத்திரை தேவைப்பட்டால்

வலி மாத்திரையே கூடாது என்பது என் கருத்தல்ல. கடும் வலியில் அது நல்ல துணை. கீழ்க்கண்ட விதிகளைப் பின்பற்றினால் போதும்.

1. முதலில் பாராசிட்டமால் சாப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில் போதும். மதுப்பழக்கம், கல்லீரல் நோய், மெலிந்த உடல் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போகக்கூடாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

2. அதற்குக் கேட்காவிட்டால், மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். உணவுக்குப் பின், குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள். முழங்கால் வலிக்கு மேலே தடவும் ஜெல் கிடைக்கிறது. அதில் இரத்தத்தில் சேரும் மருந்து குறைவு.

3. உறையில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். வணிகப் பெயர் இரண்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு வகை வலி மாத்திரை வேண்டாம்.

4. வேலைக்குப் புறப்படும் முன் "வலி வராமலிருக்க" என்று சாப்பிடாதீர்கள். வாந்தி, பேதி கண்ட நாளிலும் சாப்பிடாதீர்கள்.

5. கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய், இதய நோய், குடற்புண் உள்ளவர்களும் இந்தக் குடும்பத்து மாத்திரைகளைத் தாமாகச் சாப்பிடக்கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமெசுலைடு 2011 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் இதய நோய்க்காக மருத்துவர் கொடுத்துவரும் சிறிய அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக்கூடாது.

6. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நெடுநாள் வலி மாத்திரை சாப்பிட்டவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் இரத்தச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் செய்துகொள்ளவேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவில்லை.

பெரியோர்களே! தலைவலிக்கென்று பல்லாண்டுகள் உலகெங்கும் விற்பனையான ஃபெனசெட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது தெரிந்து, 1983-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்குள் அதைச் சாப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். இன்றைய மாத்திரைகளின் குணம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தெரிந்ததைப் பயன்படுத்திக்கொள்வோம். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் மாத்திரைகளை எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பெயரில்லாத உதிரி மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். வீட்டில் முதியவர்கள் நாள்தோறும் வலி மாத்திரை சாப்பிட்டுவந்தால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அந்த உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.